கறுப்பு பம்பர் சாம்பல் பூத்துவிட்டது, பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி:
வணக்கம். தூத்துக்குடியில் இருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற வருடம் வாங்கிய கார், இப்போது ஒன்பது வயது. ஷெட் கிடையாது, வாசலில் வெயிலில்தான் நிற்கிறது. பெயின்ட் நன்றாக இருக்கிறது. ஆனால் பம்பரின் கீழ்ப்பகுதி, கதவின் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டை (கிளாடிங்), வைப்பருக்குக் கீழே உள்ள பேனல் என்று கறுப்பு பிளாஸ்டிக் மொத்தமும் வெளுத்துவிட்டது. டயர் பாலிஷ் போட்டால் நாலு நாள் மின்னுகிறது, கழுவினால் பழையபடி. தேங்காய் எண்ணெய் தடவியதில் தெருப்புழுதி முழுவதும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அண்ணன் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டச் சொல்கிறார். பட்டறையில் ஸ்ப்ரே அடித்துவிடலாம் என்கிறார்கள். எது நிலைக்கும்? அப்பாவுக்கு இந்த வண்டி என்றால் உயிர், கெடுத்துவிடக் கூடாது.

பதில் 1:
முதலில் அது என்ன வெள்ளை என்று பாருங்கள். போர் தண்ணீரில் கழுவுகிறீர்களா? உப்புப் படிந்தாலும் இப்படித்தான் தெரியும். வினிகரில் சமஅளவு தண்ணீர் கலந்து ஓர் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். அப்புறம் காய்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள், ஏதாவது வருகிறதா?

கேள்வி கேட்டவர்:
போர் தண்ணீர்தான். வினிகரில் சொட்டுச் சொட்டான வட்டங்கள் போய்விட்டன, சாம்பல் போகவில்லை. துணியில் சுண்ணாம்பு மாதிரி பொடி வருகிறது. தண்ணீர் பட்டதும் நல்ல கறுப்பு, காய்ந்ததும் மறுபடி சாம்பல். கதவுப் பெயின்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை.

பதில் 2:
சார், காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் வேலை செய்கிறேன். ஓரத்தில் இருப்பது வேக்ஸ். பாடிக்குப் போட்டது பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் புகுந்து காய்ந்திருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் வரும். பொடியாக வருவது புற ஊதாக் கதிர் அரித்த மேல்தோல். அதன்மேல் எதைப் போட்டாலும் பொடியோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். நனைந்ததும் கறுப்பாகிறது என்றால் உள்ளே நிறம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

ஆல் பர்பஸ் கிளீனர் போட்டு பிரஷால் தேயுங்கள். நுரை சாம்பலாக வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். எனக்கு மூன்று, நான்கு முறை ஆகும். நன்றாகக் காயவிட்டு, முழுவதும் ஆல்கஹாலால் துடைத்து, பழைய டயர் பாலிஷின் சிலிகானை எடுத்துவிடுங்கள். பிறகு இந்த மாதிரி கறுப்பு பிளாஸ்டிக்குக்கான (ட்ரிம்) செராமிக் கோட்டிங், அதாவது காய்ந்து கெட்டியாகும் பாதுகாப்புப் பூச்சு. பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், பேனல் சூடில்லாதபோது, கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, மிஞ்சியதை உடனே மைக்ரோஃபைபர் துணியால் எடுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. ஒரு வருடமாவது தாங்கும்.

ஹீட் கன் வேண்டாம். அந்தக் காற்று 500 டிகிரி வரை போகும், பம்பர் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகும். ஒரு நொடி கை நின்றால் பம்பர் நெளிந்துவிடும். நெளியாவிட்டாலும் சில மாதங்களில் திரும்ப வெளுக்கும்.

பதில் 3:
பெயின்டர் பக்கம் இருந்து ஒன்று. பம்பரின் உள்பக்கம் 'பிபி+ஈபிடிஎம்' (ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன்) என்று அச்சு இருக்கும், பாருங்கள். இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரண ஸ்ப்ரே பிடிக்காது, சரளைக்கல் பட்ட இடமெல்லாம் உரியும். அடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பெயின்ட் பிடிப்பதற்கான பிளாஸ்டிக் பிரைமர், அதன்மேல் மேட் கறுப்பு. கீறல் விழுந்த பம்பருக்கு அது சரி. உங்களுக்குத் தேவையில்லை, தம்பி.

கேள்வி கேட்டவர்:
ஞாயிற்றுக்கிழமை செய்தேன். நாலாவது முறைதான் நுரை வெள்ளையானது. மூன்று வாரமாகிறது, இரண்டு மழை பெய்தும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பின் பம்பரில் மட்டும் ஓர் இடம் பட்டையாக மின்னுகிறது. அங்கே துடைக்கத் தாமதமாகிவிட்டது.

பதில் 2:
அங்கே மிஞ்சிய கோட்டிங் கெட்டியாக நின்றிருக்கிறது. அதே கோட்டிங்கை அந்த இடத்தில் லேசாகத் தொட்டு, இளகியதும் உடனே துடையுங்கள். பெரும்பாலும் சமமாகிவிடும். வைப்பர் பேனலில்தான் வெயில் நேராக விழும், அதற்கு மட்டும் இன்னொரு கை போட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பட்டை போய்விட்டது. அப்பா காலையில் தானே பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். எல்லோருக்கும் நன்றி.