தினமும் மின்சார ரயில்: சிக்னல் போனாலும் ஓடுற, விளம்பரத் தொல்லை இல்லாத ஆப் எதெல்லாம்?

சானடோரியம்வாசி:

வணக்கம். ஆண்ட்ராய்டு 13 போன், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜில் மிச்சம் 9 ஜிபிதான். தினமும் தாம்பரம் சானடோரியத்திலிருந்து சென்னை பீச் வரைக்கும் மின்சார ரயில், அங்கிருந்து பஸ். டேட்டா ஒரு நாளைக்கு 1 ஜிபி. அதில் பாதி ஆபீஸ் வேலைக்கே போயிடும்.

வண்டியில் கேட்க, படிக்க, விளையாட ஆப் வேணும். கூட்ட நேரத்தில் நெட் விட்டு விட்டுத்தான் வரும், அப்பவும் ஓடணும். கூடவே டிக்கெட், பஸ், மழை, தமிழ் டைப்பிங். ப்ளே ஸ்டோரில் தேடினா முதலில் வர்றதெல்லாம் விளம்பரம் பொங்கி வழியுற ஆப்தான். பேரோட, எந்த செட்டிங்கை மாத்தணும்னும் சேர்த்துச் சொன்னா உதவியா இருக்கும். காசு கட்ட ஆட்சேபணை இல்ல, ஆனா மாதச் சந்தா வேண்டாம்.

திறமூலம்:

கேட்பதற்கு ஆன்டெனாபாட். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லாது, திறந்த மூல மென்பொருள். பாட்காஸ்ட்டை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு வண்டியில் கேட்பதற்கென்றே செய்தது போல இருக்கும். இறக்கியதும் செட்டிங்ஸில் மூன்று வேலை. டவுன்லோட் பகுதியில் தானியங்கி இறக்கத்தை ஆன் செய்யுங்கள். மொபைல் டேட்டாவில் எபிசோட் இறக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்டு முடித்ததும் அழிக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள், 9 ஜிபிக்கு அது அவசியம். 64 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தின் அளவு) வேகத்தில் பதிவான 45 நிமிட எபிசோட் ஏறக்குறைய 22 எம்பி. 128 என்றால் இரண்டு மடங்கு. பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சிக்கு 64 தாராளம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக, தொடக்கத்தில் இத்தனை நொடி, முடிவில் இத்தனை நொடி என்று தாண்டச் சொல்லலாம். அறிமுக இசையும் ஸ்பான்சர் பேச்சும் 40 நொடி என்றால் 40 என்று போட்டுவிடுங்கள், தீர்ந்தது.

'ராத்திரி இறங்கும்னு பார்த்தா காலையில ஒண்ணுமே இல்ல' என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் ஆப்பின் தவறில்லை. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போனே பின்னணியில் ஓடுவதைக் கொன்றுவிடுகிறது. ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோ, பேட்டரி, அன்ரெஸ்ட்ரிக்டட். சில கம்பெனி போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று இன்னொரு பூட்டு தனியாக இருக்கும், அதையும் திறக்க வேண்டும். இதே வைத்தியம் அலாரம், மழை எச்சரிக்கை ஆப்களுக்கும் பொருந்தும்.

பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி போதும், விளக்கம் வேண்டாம்.

விளையாட்டில் என் முதல் சிபாரிசு சைமன் டாதம் என்பவரின் புதிர்த் தொகுப்பு. 40 வகைப் புதிர், சில எம்பிதான், நெட்டே கேட்காது. பார்க்க அழகாக இருக்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள். அதில் சுடோகு 'சோலோ' என்ற பெயரில் இருக்கிறது. 'மைன்ஸ்' என்பது பழைய விண்டோஸ் கண்ணிவெடி ஆட்டம்தான், ஆனால் ஒரு வித்தியாசம்: முதல் கட்டத்தைத் திறந்த பிறகு மிச்சம் முழுவதையும் யோசித்தே தீர்க்க முடிகிற மாதிரிதான் பலகை அமையும். கடைசி இரண்டு கட்டத்தில் குருட்டாம்போக்கில் அழுத்தித் தோற்கிற கொடுமை கிடையாது. கட்டத்தின் அளவைக் குறைத்துக்கொண்டால் இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்டம் முடிந்துவிடும்.

அடுத்தது லீசெஸ். குகேஷும் பிரக்ஞானந்தாவும் பிறந்த ஊரில் செஸ்ஸுக்குச் சிபாரிசு தேவையில்லை, ஆனால் ஆப் தேர்வில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லீசெஸ் 2010இல் தொடங்கியது, நன்கொடையில் ஓடுகிறது, விளம்பரமோ பூட்டிவைத்த வசதியோ கிடையாது. ரயிலில் 3 நிமிடம், 5 நிமிடம் ஆட்டம் மட்டும் வேண்டாம். நெட் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஜெயிக்கிற நிலையில் நேரம் தீர்ந்து தோற்பீர்கள். கரஸ்பாண்டன்ஸ் ஆட்டம் தேர்ந்தெடுத்தால் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ கிடைக்கும். நெட் சுத்தமாக இல்லாதபோது கம்ப்யூட்டரோடு ஆடலாம்.

எழும்பூர்_நடைமேடை5:

சார், டிக்கெட்டுக்கு ரயில்ஒன். 2025 ஜூலையில வந்தது. ஸ்டோர்ல இதே மாதிரி பேர்ல நாலஞ்சு ஆப் இருக்கு. பேருக்குக் கீழ கிரிஸ்னு ரயில்வேயோட தகவல் மையம் பேர் இருக்கிறத மட்டும் எடுங்க.

தினமும் போறவங்க சீசன் எடுத்திருப்பீங்க, அதையும் இதுலயே புதுப்பிக்கலாம். ஒத்தை டிக்கெட் எடுக்கிறப்போ ஜனங்க மாட்டிக்கிற இடம் இதெல்லாம்:

ஸ்டேஷனுக்குள்ள, தண்டவாளத்துக்குப் பக்கத்துல நின்னு பேப்பர் இல்லாத டிக்கெட் எடுக்க விடாது. ஜிபிஎஸ் பார்த்துத்தான் முடிவு பண்ணும். ஸ்டேஷனை ஒட்டின ரோட்ல நின்னாலே சில நேரம் உள்ள இருக்கிறதா நினைச்சிக்கும். வெளியவே எடுத்துட்டு வாங்க. இல்லன்னா ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கிற க்யூஆரை ஆப்புக்குள்ள இருந்தே ஸ்கேன் பண்ணுங்க, அப்ப உள்ள நின்னும் எடுக்கலாம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள பயணம் ஆரம்பிக்கணும். பேப்பர் இல்லாத டிக்கெட்டை கேன்சல் பண்ண முடியாது.

பணம் யுபிஐல போட்டா, சிக்னல் மோசமான இடத்துல ஆப்புக்கும் பேங்குக்கும் நடுவுல சுத்திக்கிட்டே நிக்கும். காசு போயிடும், டிக்கெட் வராது. அப்புறம் திரும்ப வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஆப்புக்குள்ளயே இருக்கிற ரயில்வே பணப்பையான ஆர்-வாலட்டுல வீட்லயே நூறு ரூபா போட்டு வெச்சா அந்தச் சுத்தல் இல்ல, 3 சதவீதம் சலுகையும் உண்டு.

டிடிஈ கிட்ட ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்து ஷோ டிக்கெட் காட்டணும். அதுக்கு நெட் வேணாம், ஆனா சார்ஜ் வேணும். போன் அணைஞ்சிருச்சுன்னா டிக்கெட் இல்லாத கணக்குதான்.

பஸ்ஸுக்கு சென்னை ஒன். சென்னைப் போக்குவரத்துக் குழுமமான கும்டா 2025 செப்டம்பர்ல விட்டது; எம்டிசி பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணுக்கும் ஒரே க்யூஆர். பஸ் எங்க வருதுன்னு மேப்ல பார்க்கலாம். ஆனா நம்பரை மட்டும் பார்த்து ஓடாதீங்க. அதே நம்பர்ல கட் சர்வீஸ் பாதி வழியில திரும்பிடும், போய்ச் சேர்ற இடத்தையும் பாருங்க.

அகல்விளக்கு:

தம்பி, படிக்கிறதுக்கும் டைப் பண்றதுக்கும் நான் சொல்றேன்.

ரீட்எரா வைங்க, இலவசப் பதிப்புலயே விளம்பரம் இல்ல. தமிழ்ப் புத்தகத்துக்கு மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் இரண்டும் சட்டப்படி இலவசம். இறக்கும்போது பிடிஎஃப், ஈபப் இரண்டும் இருந்தா ஈபப்தான் எடுக்கணும். பிடிஎஃப் அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும், போன் திரையில ஒவ்வொரு வரிக்கும் விரலால விரிச்சு, இழுத்து, சுருக்கணும். ஈபப்புல எழுத்தைப் பெரிசாக்கினா வரி தானா மடங்கிக்கும். ரொம்பப் பழைய கோப்புல யுனிகோடு இல்லாத பழைய எழுத்துரு இருந்தா திரையில வெறும் கிறுக்கல்தான் வரும். போன்ல கோளாறுன்னு நினைக்காம, அதே நூலோட யுனிகோடு பதிப்பைத் தேடுங்க.

நின்னுக்கிட்டே போறப்போ ரீட்எராவையே படிச்சுக் காட்டச் சொல்லலாம். போன் செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் டு ஸ்பீச் போய், கூகுள் குரல் சேவையில தமிழ்க் குரலை முன்னாடியே வைஃபைல இறக்கி வைங்க. அதைப் பண்ணாம விட்டாத்தான் ரயில்ல 'குரல் வரல'ன்னு நிக்கும். ஸ்கேன் பண்ணின பழைய நூல்ல இது வேலை செய்யாது, அதுல எழுத்தே கிடையாது, படம்தான்.

டைப்பிங்குக்கு எல்லாரும் ஜிபோர்டுல ஆங்கில எழுத்தை அடிச்சுத் தமிழ் வரவழைப்பாங்க. வாட்ஸ்அப்ல ரெண்டு வரிக்கு அது சரி. நிறைய எழுதுறவங்களுக்கு நான் செல்லினம் கீபோர்டு ஆப்தான் சொல்வேன், அதுலயும் தமிழ்99 அமைப்பு. 1999ல சென்னை மாநாட்டுல முடிவான விசைப்பலகை அது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ, நாலே தட்டு. 'தங்கம்' எழுத த, ங, க, ம, கடைசியில புள்ளி. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாத்துக்கும் நடுப் புள்ளி தானா வரும்.

எல்லாரும் கோபப்பட்டு விடுற இடம் 'பாடட்டும்' மாதிரி வார்த்தை. முதல் ட-வுக்குப் புள்ளி விழக்கூடாது, ஆனா விழுந்துடும். ட அடிச்சதும் ஒரு அ தட்டுங்க, அந்த எழுத்து முடிஞ்சதா அது எடுத்துக்கும். அப்புறம் ட, ட, உ. இது ஒண்ணு கைக்கு வந்துட்டா ஒரு வாரத்துல வேகம் வந்துடும்.

சானடோரியம்வாசி:

நன்றி அக்கா, இந்த அ விஷயம் தெரியாமத்தான் தமிழ்99 பக்கம் போகாம இருந்தேன். ரேடியோவுக்கும் மேப்புக்கும் ஏதாவது? ரேடியோ கார்டன் நல்லா இருக்குன்னாங்க.

திறமூலம்:

ரேடியோ கார்டன் அருமைதான். பூமி உருண்டையைச் சுழற்றி சிங்கப்பூர் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்எம் என்று போகலாம். ஆனால் அது நேரலை, இறக்கி வைக்க முடியாது. 64 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 29 எம்பி, 128 என்றால் 58. நெட் அறுந்தால் பாட்டும் அறும். அதனால் அது வீட்டுக்கு.

போனில் எஃப்எம் சிப்பும் ஹெட்செட் செருகும் வட்டத் துளையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு துளி டேட்டா இல்லாமல் 101.4 ரெயின்போ, 102.3 கோல்டு கேட்கலாம். வயர் ஹெட்செட்டின் வயர்தான் ஆன்டெனா; ப்ளூடூத் மட்டும் இருந்தால் ஓடாது. இரும்புப் பெட்டிக்குள் கரகரக்கும், ஜன்னல் பக்கம் பரவாயில்லை.

மேப்புக்கு, கூகுள் மேப்பில் உங்கள் படத்தை அழுத்தி ஆஃப்லைன் மேப்ஸ் போய், தாம்பரத்திலிருந்து ராயபுரம் வரை கட்டம் போட்டு இறக்கிவிடுங்கள். நெட் இல்லாதபோது அதில் கார் வழி மட்டும்தான் வரும், பஸ் வழியும் நடைவழியும் வராது. நடைவழி வேண்டுமென்றால் ஆர்கானிக் மேப்ஸ், அது முழுக்க ஆஃப்லைன். அதிலும் ஒரு குறை: மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் ஒருவழி அடிக்கடி மாறுகிறது, மேப்பில் அது உடனே ஏறாது. நடப்பவருக்குப் பாதகமில்லை. வண்டி ஓட்டினால் போலீஸ் வைத்த பலகையை நம்புங்கள்.

வடகிழக்கு:

மழைக்கு நாலு ஆப், நாலுக்கும் வேற வேற வேலை.

டிஎன் அலர்ட் அரசாங்கத்துது, தமிழ்லயே இருக்கும்: நாலு நாள் முன்னறிவிப்பு, பெய்ஞ்ச மழை அளவு, அணை நீர்மட்டம். டாமினி மின்னலுக்கு மட்டும், 20, 40 கிலோமீட்டர் சுற்றளவுல இடி மின்னல் வந்தா சொல்லும். லொகேஷன் அனுமதி எப்பவும்னு கொடுக்கலன்னா அது வெறும் ஐகான்தான்.

விண்டிதான் எல்லாருக்கும் பிடிக்கும், அதைத் தப்பாப் படிக்கிறவங்களும் அதிகம். அதுல சிவப்பாத் தெரியுறது கம்ப்யூட்டர் மாடலோட கணிப்பு, இப்ப பெய்யுற மழை இல்ல. ஈசிஎம்டபிள்யூஎஃப் (ஐரோப்பிய மாடல்), ஜிஎஃப்எஸ் (அமெரிக்க மாடல்) இரண்டையும் மாத்திப் பாருங்க. இரண்டும் ஒத்துப்போனா நம்பலாம், ஒண்ணு கடலூர்லயும் இன்னொண்ணு நெல்லூர்லயும் மழையைப் போட்டா இன்னும் முடிவாகலன்னு அர்த்தம். எந்த மாடலும் குரோம்பேட்டைக்குப் பெய்யும், கிண்டிக்குப் பெய்யாதுன்னு பிரிச்சுச் சொல்லாது.

ஆபீஸை விட்டு இப்பக் கிளம்பலாமா, அரை மணி பொறுக்கலாமான்னு தெரியணும்னா ரேடார் படம். வானிலைத் துறையோட மௌசம் ஆப்புல இருக்கு. படத்துல நேரம் யுடிசின்னு போட்டிருந்தா அஞ்சரை மணி கூட்டிக்கோங்க. அதைக் கவனிக்காம பழைய படம்னு திட்டுறவங்க உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் கடல் பக்கத்துல இருந்து பட்டை பட்டையா வரும், ஒண்ணு போனா பின்னாடி இன்னொண்ணு இருக்கான்னு கிழக்க பாருங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் சாயந்திர மழை மேற்கே காஞ்சிபுரம், ராணிப்பேட்டை பக்கத்துல கிளம்பி வரும். ஒரே படத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல, அடுத்தடுத்து ரெண்டு மூணு பார்த்தாத்தான் எந்தப் பக்கம் நகருதுன்னு பிடிபடும்.

ஆப்பிள்_அண்ணாசாலை:

ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு: ஆன்டெனாபாட் கிடையாது, போன்லயே இருக்கிற பாட்காஸ்ட் ஆப் போதும். லீசெஸ், விஎல்சி, டாதம் புதிர்கள் இருக்கு.

யாரும் சொல்லாத ஒண்ணு லோக்கல்சென்ட். ஐபோன், ஆண்ட்ராய்டு, லேப்டாப் எதுல இருந்து எதுக்கும் ஃபைல் அனுப்பலாம், டேட்டா செலவே இல்ல. இரண்டும் ஒரே வைஃபைல இருக்கணும். ஆபீஸ் கெஸ்ட் வைஃபைல ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்காது, அங்க சாதனங்களைத் தனித்தனியாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு இன்னொண்ணை அதுல சேர்த்தா உடனே தெரியும்.

எழும்பூர்_நடைமேடை5:

இன்னொண்ணு. மேல சொன்ன எதையும் வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைலா (ஸ்டோர் இல்லாம ஆப்பை ஏத்துற ஃபைல்) வாங்காதீங்க. ஆர்டிஓ சலான், கல்யாணப் பத்திரிகைன்னு வர்றதும் இதே கதைதான். இறக்கினதும் எஸ்எம்எஸ் அனுமதியும் அக்ஸசிபிலிட்டி அனுமதியும் கேக்கும், ஓடிபி அது வழியாத்தான் போகும். தெரியாம அழுத்திட்டா முதல்ல ஏரோப்ளேன் மோடு, வைஃபையும் ஆஃப். சேஃப் மோடுல போனை ஏத்தி, செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின்ல அந்த ஆப்போட டிக்கை எடுத்துட்டு அப்புறம் அன்இன்ஸ்டால். டிக்கை எடுக்காம அழிக்கப் பார்த்தா அழியாது. காசு போயிருந்தா இதெல்லாம் அப்புறம், வேற போன்ல இருந்து உடனே சைபர் மோசடி புகார் எண்ணான 1930க்கு அடிங்க.