ஹெடரில் ‘அ’ வந்தால் வரி உடைகிறது: எச்.டி.டி.பி. கோரிக்கையைப் பாதுகாப்பாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். அலுவலக உள்பயன்பாட்டிற்காகப் பைத்தான் சாக்கெட்டின் மேல் நேரடியாக ஒரு சிறிய எச்.டி.டி.பி. சர்வர் எழுதியிருக்கிறேன், அதன் முன்னால், கோரிக்கைகளை வாங்கிக் கைமாற்றும் பிராக்ஸியாக என்ஜின்எக்ஸ் இயங்குகிறது. வரும் பைட்டுகளை லத்தீன்-1 ஆக (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற குறியாக்கம்) டீகோட் செய்து, அதாவது எழுத்துச் சரமாக்கி, ஸ்பிளிட்லைன்ஸ் கொண்டு வரிகளாக்கி, ஒவ்வொரு வரியையும் முதல் முக்காற்புள்ளியில் பிரித்து டிக்‌ஷனரியில் சேர்க்கிறேன். பயனர் பெயருக்கான ஹெடரில் (கோரிக்கையின் தொடக்கத்தில் ‘பெயர்: மதிப்பு’ என்று வரும் வரி) ‘கவிதா’ என்று வந்தால் சிக்கல் இல்லை. ‘அமுதா’ என்று வந்தால் வரி ‘அ’வோடு உடைந்து, மிச்சம் தனி வரியாகி, அதில் முக்காற்புள்ளி இல்லாததால் நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அத்தகைய வரிகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிச் செல்லும்படி எழுதிவிடலாமா?

முதல் பதில்

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பிழைதான் இதுவரை உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். லத்தீன்-1 ஆக டீகோட் செய்யும்போது 133 என்பது ‘அடுத்த வரி’ என்னும் கட்டுப்பாட்டுக் குறியாகிவிடுகிறது. பைத்தானில் சரங்களுக்கான ஸ்பிளிட்லைன்ஸ் அதையும் வரிமுடிவாகவே எடுத்துக்கொள்கிறது. பைட்டுகளுக்கான ஸ்பிளிட்லைன்ஸ் அப்படிச் செய்வதில்லை.

இப்போது இதையே ஒரு தாக்குபவரின் கண்ணால் பாருங்கள். ஏதோ ஒரு ஹெடரின் மதிப்பில் 133 என்ற பைட்டை வைத்து, அதையடுத்து ‘டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்டு’ (உடல் துண்டு துண்டாக வரும் என்ற அறிவிப்பு) என்று அவர் எழுதினால், பிராக்ஸிக்கு அது ஒரே ஹெடர், உங்கள் சர்வருக்கோ இரண்டு. கோரிக்கையின் உடல் எங்கே முடிகிறது என்பதில் இரண்டும் முரண்பட்டால், ஒருவரின் கோரிக்கைக்குள் இன்னொரு கோரிக்கையை ஒளித்து அனுப்ப வழி பிறக்கிறது. 2005 முதல் ‘ரிக்வெஸ்ட் ஸ்மக்ளிங்’ என்று அறியப்படும் தாக்குதல் இதுதான். ஹெடர்களை முதலில் சரமாக்கிவிட்டுப் பிரிப்பதில் இந்த ஆபத்து இருப்பதாலேயே, அவற்றைப் பைட்டுகளின் வரிசையாகவே பிரிக்க வேண்டும் என்று 2022 இல் வெளியான எச்.டி.டி.பி./1.1 விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 9112 சொல்கிறது. எனவே வரிமுடிவைக் குறிக்கும் 13, 10 என்ற பைட் இணையில் மட்டும் வரிகளைப் பிரியுங்கள். ஒவ்வொரு மதிப்பும் தனியே கையில் வந்த பிறகு தேவையானதை மட்டும் டீகோட் செய்யுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு உடலின் நீளத்தைச் சொல்லும் ஹெடரான கன்டென்ட்-லெங்த்தையும் கவனியுங்கள். சரத்தை எண்ணாக்கும் பைத்தானின் இன்ட், ‘+12’, ‘1_2’ ஆகியவற்றை மட்டுமல்ல, ‘௧௨’ என்ற தமிழ் எண்களையும் 12 என்றே ஏற்றுக்கொள்ளும். விதிப்படி அங்கே 0 முதல் 9 வரையான ஆஸ்கி இலக்கங்கள் மட்டுமே வரலாம். ஆகவே பைட்டுகள் மீதே, எல்லாம் இலக்கங்கள்தானா என்று பார்க்கும் இஸ்டிஜிட் சோதனை செய்துவிட்டுப் பிறகு எண்ணாக மாற்றுங்கள். டிக்‌ஷனரியில் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும் என்பதால், வெவ்வேறு மதிப்புகளோடு இரண்டு கன்டென்ட்-லெங்த் வந்தாலும் உங்களுக்குத் தெரியாமலே போகும். அதற்கு 400 (தவறான கோரிக்கை) என்ற பதில் தர வேண்டும். ஹெடர் பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் 400 தான். ‘இடைவெளியை நீக்கிவிட்டு (ஸ்டிரிப்) ஏற்றுக்கொள்ளலாம்’ என்ற தாராளம் இங்கே கூடாது. கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் இரண்டும் சேர்ந்து வந்தால் நான் மறுத்து இணைப்பையும் மூடிவிடுவேன்.

ஹெடர் முடியும் வரை வரம்பின்றி வாசித்துக்கொண்டே இருக்காதீர்கள். அப்பாச்சி சர்வர் இயல்பாக 100 ஹெடர்களையும், ஒவ்வொன்றிலும் 8190 பைட்டுகளையுமே அனுமதிக்கிறது. அதுபோல ஓர் எல்லை வைத்து, மீறினால் 431 (ஹெடர்கள் மிகப் பெரியவை) என்ற பதில் அனுப்புங்கள். நேர வரம்பும் அவசியம். சொந்தமாக எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், எச்.டி.டி.பி. செய்திகளைப் பிரிக்கும் எச்11 என்ற பைத்தான் நூலகத்திடம் இந்த வேலையை ஒப்படைப்பதே என் பரிந்துரை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. பைட்டுகளாகவே பிரித்த பிறகு ‘அமுதா’ உடையாமல் வருகிறது. 133 ஐ அடுத்து ஒரு போலி ஹெடரை வைத்துப் பழைய நிரலுக்கு அனுப்பிப் பார்த்தேன். எந்தப் பிழையும் காட்டாமல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நிரலை இன்றே நிறுத்திவிட்டு எச்11 க்கு மாறுகிறேன்.