பதவி உயர்வா, சனிக்கிழமை வகுப்பா: வெற்றியை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி: பொகவந்தலாவைப் பெண்

அனைவருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், லயன் அறையொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இப்போது வங்கிக் கிளையொன்றில் கடன் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் லயத்தை விட்டு டிக்கோயாவில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தம்பியின் படிப்பும் முடிந்துவிட்டது. சிறுவயதில் எவையெல்லாம் கிடைத்தால் போதும் என்று நினைத்தேனோ, அவையெல்லாம் கைகூடிவிட்டன. ஆனால் ஒவ்வொன்றும் கிடைத்த கையோடு அடுத்தது என்ன என்ற கேள்வி வந்து நிற்கிறதே தவிர, மனம் நிறைந்தது என்று சொல்ல முடியவில்லை.

இப்போது கொழும்புத் தலைமை அலுவலகத்தில் பதவி உயர்வு தருவதாக அறிவித்திருக்கிறார்கள். மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால், தோட்டத்து முன்பள்ளிக் கட்டடத்தில் சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் தரத்தின் இறுதியில் எழுதுவது) எழுதவிருக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் கணித வகுப்பு நின்றுவிடும். சென்ற வாரம், பின்னக் கணக்கைக் கண்டாலே கொப்பியை மூடிவிடும் ஒரு பிள்ளை கரும்பலகைக்கு வந்து, பொதுப்பகுதி கண்டு, விடையை எழுதி முடித்த பிறகும் வெண்கட்டியைக் கீழே வைக்காமல், "இன்னொரு கணக்கு குடுங்க டீச்சர்" என்று நின்றாள். பதவி உயர்வுக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி வரவில்லை. அப்பாவோ, "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏம்மா நிக்கிற?" என்கிறார். நான் தயங்குவது சோம்பலா, பயமா, அல்லது எனக்கு வேண்டியது வேறு என்பதை இப்போதுதான் அறிகிறேனா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற அதிபர், தலவாக்கலை

மகள், உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர், நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறவும் சிலர் இங்கேயே தங்கவும் நேர்ந்தது. அந்தக் கணக்கு சட்டப்படி தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். 1970களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. இத்தகைய சூழலில் ஒரு பிள்ளை ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ ஆவது என்றால், அந்த லயத்துக்கே விடிவு வந்ததுபோல. தோட்டத்தைவிட்டு வெளியேறுவதே வெற்றி என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அன்றைக்கு அது சரியான பாடந்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் சாக்கோடு நிற்கும் பெண்ணுக்கு, ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழித்த பிறகு மிஞ்சுவதே அன்றைய உழைப்பு. குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான். மலையிலே அவள் எப்படி வேலை செய்தாள், பக்கத்து நிரையில் சுகமில்லாமல் நின்றவளுக்கு எவ்வளவு கொழுந்து கிள்ளிக் கொடுத்தாள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறாது. அரைப்பேர் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தோடு ஆயுளைக் கழித்த வீட்டில், மகள் ஓர் உயர்வை வேண்டாம் என்றால் பதறத்தான் செய்வார்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்துச் சென்று பின்வரிசையில் உட்காரவையுங்கள்.

பதில் 2: மஸ்கெலியாக்காரன், இப்போது கொழும்பில்

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாதனைக்கு அப்பால் நிறைவைத் தேடுவது, சாதித்து முடித்தவர்களுக்குக் கிடைக்கும் வசதி என்றே எனக்குப் படுகிறது. சாதாரண தரத்தில் கணிதம் தவறியதால் உயர்தரம் படிக்க வழியில்லாமல் புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். காலையில் கடை திறப்பதற்குள் நின்றால் இரவு பூட்டும்வரை உட்கார முடியாது. 2021 இல் தோட்டத்து நாட்கூலி 1000 ரூபாயானபோது எங்கள் லயத்தில் வெடி கொளுத்தினார்கள்; அடுத்த ஆண்டே விலைவாசி ஏறிய வேகத்தில் அந்தக் காசு போன இடம் தெரியவில்லை. இப்படியிருக்கும் வீடுகளில் பதவியில் என்ன இருக்கிறது என்று பேசுவதை நான் விரும்பவில்லை. காசு வேண்டும், காணி வேண்டும், கௌரவமும் வேண்டும்.

ஆனாலும் நீங்கள் எழுதிய ஒன்றை விட்டுவிட முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பஸ் தரிப்பிடத்திலும் பாடசாலை மதிலிலும் படத்தோடு பதாகை கட்டுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த என் தங்கை, அந்தப் பதாகை கிழியும்வரை சந்தியைச் சுற்றிக் குறுக்குப்பாதையால்தான் பாடசாலைக்குப் போனாள். பத்து வயது அப்போது அவளுக்கு. பதாகையில் இல்லாத பிள்ளைகளும் உங்கள் வகுப்புக்கு வருகிறார்கள் என்றால், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்வது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். சம்பளத்தைத் துச்சமாக மட்டும் பேசாதீர்கள்.

பதில் 3: உளவளத்துணையாளர், கண்டி

சகோதரிக்கு. அடுத்தது என்ன என்று உடனே தோன்றுவது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. புதிய நிலைக்கு மனம் விரைவில் பழகிவிடுவதால் மகிழ்ச்சி பழைய மட்டத்துக்கே திரும்புகிறது என்ற கருத்தை, பிரிக்மன், கேம்பல் என்ற உளவியலாளர்கள் 1971 இலேயே முன்வைத்தார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் வளர்த்தெடுத்த கோட்பாடோ, தன் விருப்பால் தெரிவுசெய்தல், ஒன்றைத் திறமையாகச் செய்ய முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு நெருங்கிய பிணைப்பு ஆகிய மூன்றும் கிடைக்குமிடத்தில் மனம் செழிக்கிறது என்கிறது. உங்கள் சனிக்கிழமையில் மூன்றும் இருக்கின்றன. கடையில் நிற்கும் தம்பி சொல்வதும் இதற்கு முரணானதல்ல. வயிற்றுப்பாட்டுக்கு அஞ்சி வாழ்பவருக்குத் தெரிவு என்பதே மிகக் குறுகியதாகிவிடுகிறது.

இருந்தாலும் கொழும்பு என்றால் வெறுமை, தோட்டம் என்றால் நிறைவு என்று பிரித்துவிட வேண்டாம் என்பேன். நீங்கள் கடன் பிரிவில் இருப்பவர். காணி உறுதி இல்லாத காரணத்தால் வங்கிப் படியேற முடியாத தோட்டக் குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். புதிய பதவியில் அந்த விதிகளைப் பற்றிப் பேசும் இடம் உங்களுக்குக் கிடைக்குமா, அல்லது மாதாந்த இலக்குகளைத் துரத்துவது மட்டும்தான் வேலையா? இதை நேரடியாகக் கேட்டு அறிந்துகொண்டு முடிவெடுங்கள். பதவியின் பெயரைச் சொல்லும்போது வரும் பெருமையைவிட, அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும் என்பதே முக்கியம்.

பதில் 4: பொகவந்தலாவைப் பெண்

மூவருக்கும் நன்றி. தலைமை அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். கடன் விதிகளோடு அந்தப் பதவிக்குத் தொடர்பில்லை; கிளைகளின் இலக்குகளைக் கண்காணிப்பதே வேலை. ஆகவே இந்த முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சேவைமூப்பில் பின்னுக்குப் போவேன் என்பது தெரிந்ததுதான். மஸ்கெலியாத் தம்பி சொன்னதுபோல் அந்தச் சம்பளம் சிறியதல்ல, வீட்டுக் கடன் இன்னும் மிச்சமிருக்கும் நிலையில் அது எனக்கு உறைக்கவே செய்கிறது. அப்பா வகுப்புக்கு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தும் முகம் தெளியவில்லை. அவருக்கு அவகாசம் வேண்டும். அதிபர் ஐயா, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் விஞ்ஞானமும் படிப்பிக்க வேண்டியிருக்கிறது. பொகவந்தலாவைக்கு வந்துபோகக்கூடிய உங்கள் பழைய மாணவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பஸ் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.