நீச்சல் குளத்துப் பம்பு: பித்தளை புஷ் மறை போயிருச்சு, பாடியை மாத்தியே ஆகணுமா?

ஆனைமலைத் தோட்டம்:
வணக்கமுங்க. தோட்டத்துல தங்க வர்றவங்களுக்கு ஒரு சின்ன நீச்சல் குளம் வெச்சிருக்கறோம். ஒன்றரை எச்பி பம்பு, பிளாஸ்டிக் பாடி. போல்ட்டு முடுக்க அதுல உள்ளுக்குள்ள மறை வெட்டுன பித்தளை புஷ் (சின்னக் குழாய்) பதிச்சிருக்குது. மெக்கானிக்கல் சீல் (தண்டு வழியாத் தண்ணி கசியாமத் தடுக்கறது) மாத்த வந்தவர் திருப்பி மாட்டறப்ப மூடியைப் புடிக்கற எட்டு எம்எம் போல்ட்டு ஆறையும் இம்பாக்ட் மெஷின்லயே முடுக்கிட்டார். இப்ப ஒரு போல்ட்டைக் கழட்டுனா, அதோட மறையில பித்தளை மஞ்சள் நூலாட்டச் சுத்திக்கிட்டு வருது. பக்கத்துல இருக்கறதுல புஷ்ஷே போல்ட்டோட சேர்ந்து சுத்துது, கருப்புத் தூளாக் கொட்டுது. மத்த நாலும் நல்லாப் புடிக்குது. நாலோட ஓட்டலாமுங்களா?

கணபதி லேத்:
ஓட்டாதீங்க தம்பி. பாடியை மாத்தவும் வேண்டாம். 8.5 டிரில் விட்டு, பத்து எம்எம் டேப் (மறை வெட்டற கருவி) போட்டு, பெரிய போல்ட்டா மாட்டிருங்க. மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒண்ணா வர்றது) பாடியில இந்த வேலை எத்தனையோ பண்ணியாச்சு.

ஈரோடு குளம் சர்வீஸ்:
அண்ணா, உங்க கைவேலை மேல எனக்கு மரியாதை இருக்குதுங்க. ஆனா மோனோபிளாக் வார்ப்பிரும்பு. இது கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக். சுத்தற புஷ்ஷுல டேப்பு ஏறவே ஏறாது. புஷ்ஷைப் புடுங்கிட்டு நேரா பிளாஸ்டிக்குல மறை வெட்டுனா நாலு தடவை கழட்டி மாட்டறதுக்குள்ள தேஞ்சுரும். பாடியை மாத்தறதுதான் சரி.

நாலு போல்ட்டுக் கணக்கையும் பாருங்க. மூடிக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஓ-ரிங் 20 செ.மீ. விட்டம்னா பரப்பு 314 சதுர செ.மீ. வால்வு மூடியிருக்கறப்ப 20 மீட்டர் ஹெட் (அத்தனை உயரத் தண்ணியோட அழுத்தம்) வந்தா சதுர செ.மீ.க்கு 2 கிலோ. மொத்தம் 628 கிலோ மூடியைத் தள்ளுது. ஆறு போல்ட்டுன்னா ஒண்ணுக்கு 105, நாலுன்னா 157. அதுலயும் போனது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. அந்தப் பக்கம் மூடி தூக்கிக்கிட்டு ஓ-ரிங் பிதுங்கிரும், தண்ணி நேரா மோட்டார் மேல அடிக்கும். குழந்தைங்க குளிக்கற எடமுங்க.

கணபதி லேத்:
கணக்கு சரி, பத்து எம்எம் பேச்சை விட்டர்றேன். ஆனா ரெண்டும் ஒரே கோளாறு இல்லையே! மறை போனதுல புஷ் கெட்டியா நிக்குது. அதுக்கு ஹெலிகாயில், அதாவது ஓட்டைக்குள்ள புது மறையா உக்கார்ற கம்பிச் சுருள், போதும். 8.3 டிரில், அதுக்குன்னு வர்ற டேப், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சுருள். பழைய போல்ட்டே சேரும்.

ஈரோடு குளம் சர்வீஸ்:
அந்த டேப்போட வெளி அளவு 9.6 எம்எம் வருமுங்க. புஷ் வெளி விட்டம் 11 இருந்தா சுவர் 0.7தான் மிஞ்சும். அளக்காமச் சொல்லாதீங்கண்ணா.

ஆனைமலைத் தோட்டம்:
வெர்னியர் வெச்சுப் பார்த்துட்டனுங்க. சரியா 12.

கணபதி லேத்:
சுத்தி 1.2 நிக்குது. தாராளமுங்க. சுத்தற புஷ்ஷை வெளிய எடுத்து, எபாக்சி பசை போட்டு உக்கார வைங்க.

ஈரோடு குளம் சர்வீஸ்:
பாடிக்கு அடியில என்ன எழுத்து இருக்குதுன்னு முதல்ல பாருங்க. பிபின்னு (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) இருந்தா எபாக்சி ஒட்டவே ஒட்டாது. காஞ்சதுக்கப்புறம் நகத்துல நெம்புனா தகடாட்ட உரிஞ்சு வரும், நானே பார்த்திருக்கறேன். சால்டரிங் அயர்ன்ல புஷ்ஷைச் சூடு பண்ணி இறக்கறவங்களும் உண்டு. ஓ-ரிங் உக்கார்ற முகம் கொஞ்சம் வளைஞ்சாலும் அத்தோட பாடி போச்சு.

ஆனைமலைத் தோட்டம்:
பிபி ஜிஎஃப்30-னு (30% கண்ணாடி நார் கலந்த பிபி) இருக்குதுங்க.

கணபதி லேத்:
அப்ப எபாக்சி வேண்டாம், தம்பி சொல்றது சரி. புஷ் ஓட்டைக்குப் பின்னால என்ன இருக்குது? தண்ணி ஓடற அறையா, வெறும் வெளியா? வெளின்னா நேரா ஓட்டை போட்டு, நீள போல்ட்டு, அகல வாஷர், நட்டு. புஷ்ஷே தேவையில்லை.

ஆனைமலைத் தோட்டம்:
வெளிதானுங்க. ரெண்டு விலா எலும்பாட்டக் கட்டைக்கு நடுவுல விரல் போகுது. நாளைக்கு ஹெலிகாயிலும் நட்டும் போட்டுப் பார்க்கறனுங்க.

ஈரோடு குளம் சர்வீஸ்:
டிரில் விடறதுக்கு முன்னால ஓட்டையைச் சுத்தி மார்க்கர் மை தடவித் துணியில துடைங்க. விரிசல் இருந்தா கருப்புக் கோடாத் தெரியும். ஒரு கோடு தெரிஞ்சாலும் பாடியை மாத்திருங்க, அதுல என் பேச்சு மாறாது. கோடு இல்லீன்னா மாட்டுங்க. சின்ன ஸ்பேனர், கைப்பலம் மட்டும், எதிரெதிரா முடுக்கோணும். போல்ட்டு எஸ்எஸ் 316 வாங்குங்க, குளோரினுக்கு 304 புள்ளி புள்ளியா அரிக்கும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் தவிர வேற எதையும் தடவாதீங்க.

ஆனைமலைத் தோட்டம்:
மை தடவிப் பார்த்தாச்சுங்க, கோடு இல்லை. ரெண்டும் போட்டு வால்வை மூடி அஞ்சு நிமிஷம் ஓட்டுனேன். மூடியைச் சுத்தி நியூஸ் பேப்பர் வெச்சிருந்தேன், ஈரமே இல்லைங்க.