ரூய் கோஸ்டா: ஜாம்பவானா, வெறும் அழகனா?

பெனால்டி பாண்டி:
போர்ச்சுகல் மிட்ஃபீல்டுன்னா உடனே ரூய் கோஸ்டா, ரூய் கோஸ்டான்னு உருகுறதை எப்பதான் நிறுத்தப் போறோம்? சாக்ஸை இறக்கி விட்டுக்கிட்டு, தலை நிமிர்ந்து பந்தை ஓட்டிட்டுப் போனா பாக்க அழகா இருக்கும், மறுக்கல. ஆனா இத்தாலி கிளப் ஃபியோரென்டினாவுல 1994லேர்ந்து 2001 வரை ஏழு சீசன் ஆடி என்ன கிடைச்சுது? ரெண்டு இத்தாலியக் கோப்பை, ஒரு சூப்பர் கோப்பை. அதே போர்ச்சுகல் மிட்ஃபீல்டுல ஆடின டெகோவைப் பாருங்க. 2003ல போர்ட்டோ கிளப்போட யூஇஎஃப்ஏ கப், 2004ல ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக், அந்த ஃபைனல்ல மொனாக்கோவுக்கு எதிரா கோலும் போட்டாரு. 2006ல பார்சிலோனாவோட இன்னொரு சாம்பியன்ஸ் லீக். 2004 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகள் கோப்பை, முதல் மேட்ச்ல கிரீஸ்கிட்ட தோத்ததும் போர்ச்சுகல் கோச் ஸ்கொலாரி யாரை உக்கார வச்சாரு, யாரை இறக்கினாரு? ரூய் கோஸ்டா பெஞ்ச்ல, டெகோ களத்துல. அங்கயே தீர்ப்பு எழுதியாச்சு.

ஊதா சட்டை:
பாண்டி, இத்தாலியோட முதல் லீக், அந்தக் கால சீரி ஆ என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? யுவென்டஸ், மிலான், இன்டர், பார்மா, லாட்சியோ, ரோமா எல்லாம் காசைக் கொட்டி ஆள் எடுத்த காலம். அதுக்கு நடுவுல 1998-99ல ட்ராபட்டோனி கோச்சா இருந்தப்ப ஃபியோரென்டினா பாதி சீசன் வரைக்கும் முதலிடம். பிப்ரவரியில கோல் அடிக்கிற முக்கிய ஆளு பட்டிஸ்டுட்டாவுக்கு முழங்கால் போச்சு. சரி, இன்னொரு ஸ்ட்ரைக்கர் எட்முண்டோ இருக்காரேன்னு பாத்தா அவரு கார்னிவலுக்கு ரியோவுக்குக் கிளம்பிட்டாரு! ஒத்தை ஆளா ரூய் கோஸ்டா பந்தை எடுத்துக் கொடுத்தா வாங்கி அடிக்க எவன் இருந்தான்? அப்படியும் மூணாவது இடம்.

2001ல மிலானுக்குப் போனது கூட ஃபியோரென்டினா கடன்ல மூழ்கிட்டு இருந்ததால வித்தது. அந்தக் காசும் காப்பாத்தல, அடுத்த வருஷமே கிளப் திவால். மெடல் எண்ணி ஆளை எடை போடுறதுன்னா, முதல்ல அந்த ஓனர்களோட வரவு செலவு நோட்டை எண்ணுங்க.

சைடுலைன் சண்முகம்:
அண்ணே, ரெண்டு பேருமே பெர்லின் மேட்சைப் பேசலையே. 1997 செப்டம்பர், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஜெர்மனிக்கு எதிரா அவங்க ஊர்லயே போர்ச்சுகல் 1-0 முன்னிலை. கோச் ரூய் கோஸ்டாவை மாத்தச் சொல்றாரு, செர்ஜியோ கொன்செய்சாவ் லைன்ல ரெடியா நிக்கிறாரு. இவரு மெதுவா நடந்து வர்றாரு. பிரெஞ்சு ரெஃப்ரி மார்க் பட்டா நேரம் கடத்துறாருன்னு ரெண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியேத்திட்டாரு. வெளிய போற ஆளுக்கே சிவப்பு! கொன்செய்சாவ் உள்ள வரவே முடியல. கொஞ்ச நேரத்துல ஜெர்மனியோட கிர்ஸ்டன் சமன் பண்ணிட்டாரு.

கடைசியில அந்தக் குரூப்ல ஜெர்மனி 22, உக்ரைன் 20, போர்ச்சுகல் 19. அன்னிக்கு ஜெயிச்சிருந்தா 21, குறைஞ்சது தகுதிக்கான கடைசி வாய்ப்பான பிளே-ஆஃப் உறுதி. 25 வயசுல, உச்ச ஃபார்ம்ல, 98 உலகக் கோப்பை போச்சு. அந்த மேடை கிடைச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

பெனால்டி பாண்டி:
தம்பி, ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கினவரு, மாத்து ஆள் லைன்ல நிக்கிறப்ப ஊர்வலம் போனா என்ன அர்த்தம்? பட்டா ரூல்புக்கைத்தான் எடுத்தாரு.

சைடுலைன் சண்முகம்:
ரூல்புக்கையே பின்னாடி மாத்திட்டாங்க அண்ணே. 2019லேர்ந்து மாத்துற ஆளு பக்கத்துல இருக்கிற கோட்டு வழியாவே வெளிய போயிடலாம். அந்த வயித்தெரிச்சல் தனி.

நடுவட்டம்:
நான் ரெண்டு கட்சியும் இல்ல, ஆனா மிலான் கணக்கை விட்டுட்டீங்க. 2003 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல, ஓல்டு டிராஃபோர்டுல யுவென்டஸுக்கு எதிரா முதல் பதினொண்ணுல இருந்தாரு. அடுத்த சீசன் லீக் பட்டமும் வந்துச்சு. ஆனா அதே 2003லதான் பிரேசில் மிட்ஃபீல்டர் காகா வந்து இடத்தைப் பிடிச்சிட்டாரு. 2005 இஸ்தான்புல் ஃபைனல்ல கூடுதல் நேரம் முடியப் போறப்ப கட்டூசோவுக்குப் பதிலா இறக்கினாங்க. அவ்வளவு பெரிய தொகை கொடுத்து வாங்கின ஆளுக்கு அது சறுக்கல்தான்.

ஊதா சட்டை:
காகாகிட்ட இடத்தை விட்டதெல்லாம் ஒரு குறையா? 2000 யூரோவுல இங்கிலாந்து மேட்சைத் திரும்பப் போட்டுப் பாருங்க. 0-2 பின்தங்கி 3-2 ஜெயிச்ச மேட்ச். ஃபிகோ தூரத்துலேர்ந்து அடிச்ச கோல்தான் எல்லார் ஞாபகத்துலயும் இருக்கு. ஜோவாவ் பின்டோ தலையால முட்டினாரே, அந்த கிராஸ் யாரோடது? நுனோ கோமெஸுக்கு வழி திறந்து விட்டது யாரு? ரெண்டும் இவருதான்.

அதே இங்கிலாந்து, 2004 கால் இறுதி. மாற்று ஆளா வந்து, 110வது நிமிஷம் பந்தை ஓட்டிட்டுப் போயி பாக்ஸுக்கு வெளியேர்ந்து ஒரே அடி. கிராஸ்பார் அடியில பட்டு உள்ள போச்சு. பெஞ்ச்ல உக்கார வச்சதுக்கு ஸ்கொலாரிக்கு அதுதான் பதில்.

பெனால்டி பாண்டி:
அதே மேட்ச்ல பெனால்டியை வானத்துக்கு அடிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. கோல்கீப்பர் ரிக்கார்டோ கையுறையைக் கழட்டிட்டு இங்கிலாந்தோட வாசெல் அடிச்சதைத் தடுத்து, அடுத்ததைத் தானே அடிச்சு உள்ள போடலைன்னா உங்க ஹீரோ வில்லன் ஆகியிருப்பாரு.

ஊதா சட்டை:
பெனால்டி கணக்கா? 1991 இளையோர் உலகக் கோப்பை ஃபைனல், லிஸ்பன்ல ஒரு லட்சம் பேருக்கு மேல கூட்டம், எதிர்ல பிரேசில். ஷூட்-அவுட்ல ஜெயிக்க வச்ச கடைசி அடி யாரோடது? அப்ப அவருக்கு 19 வயசு.

பெனால்டி பாண்டி:
இளையோர் கோப்பையெல்லாம் கணக்குல வராது. இப்பவும் டெகோதான் முன்னால நிக்கிறாரு. இவரு பென்ஃபிகா தலைவர், அவரு பார்சிலோனா விளையாட்டு இயக்குநர். 2025 ஜனவரியில சாம்பியன்ஸ் லீக்ல பென்ஃபிகா சொந்த மைதானத்துலயே 4-2ன்னு முன்னால இருந்துட்டு பார்சிலோனாகிட்ட 5-4ன்னு கோட்டை விட்டுச்சு. அடுத்து நாக்-அவுட்லயும் ரெண்டு லெக்கும் பார்சிலோனாவுக்கே.

ஊதா சட்டை:
கோட்டு சூட்டு போட்ட கணக்கையும் சேர்க்கிறதா இருந்தா, ஆட்டத்துல ஜாம்பவானா இருந்து, அப்புறம் யூஇஎஃப்ஏ தலைவராகி தடை வாங்கின பிரான்ஸோட பிளட்டினியை எந்த இடத்துல வைக்கப் போறீங்க?