மலையில் கூடாரம், அணையில் தூண்டில்: அனுமதி கிடைக்குமா?

சுசீந்திரத்தான்:
அமெரிக்காவில் ஜார்ஜியாவில் இருக்கும் அக்காள் மகன் டிசம்பரில் ஊருக்கு வருகிறான். அங்கே அரசு பராமரிக்கும் பொதுக் காட்டில் லைசென்ஸ் எடுத்து மான் சுடுவானாம். ஏரியில் மீன் பிடித்து, கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்குவானாம். “மாமா, நம்ம பேச்சிப்பாறை அணைப் பக்கம் இப்படி உண்டா?” என்று நச்சரிக்கிறான். வேட்டை நடக்காது என்பது தெரியும். மற்ற இரண்டும்?

பால்வெட்டு:
மக்களே, முதலில் துப்பாக்கிப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைப் பிடித்தாலும் வழக்குதான். அணைக்கு மேலே உள்ள காட்டில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது.

சட்டம் கிடக்கட்டும். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டியவன் நான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம். சில நாள் மரவரிசை நடுவே யானைப் பிண்டம் ஆவி பறக்கக் கிடக்கும். கையை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, சற்றுமுன் போட்டது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிவிடுவோம். அன்றைக்குக் கூலி போனால் போகட்டும். தடம் தெரிந்த எங்கள் கதையே இது. உம்முடைய மருமகன் துணிக்கூடாரத்துக்குள் குறட்டை விட்டால் யானை ஒதுங்கியா போகும்?

மழை ஈரம் காயாவிட்டால் அட்டை வேறு. ஏறுவது தெரியாது, செருப்புக்குள் வழுக்கும்போது பார்த்தால் ரத்தம். பிய்த்து இழுக்காமல் உப்பை வையும், தானே விழும்.

மார்த்தாண்டம் பையன், அட்லாண்டா:
உங்கள் மருமகன் சொல்வது சரிதான் அண்ணாச்சி. ஆனால் இங்கேயும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. எந்த மாதம், எத்தனை மான் என்று கணக்கு உண்டு. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு போட வேண்டும். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் வனவிலங்குப் பராமரிப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது.

மணக்குடியான்:
தூண்டில்தானே ஆசை? அணையை விட்டுவிட்டு இங்கே மணக்குடிக்கு வரச் சொல்லுங்கள். பழையாறு கடலில் சேரும் காயல், மாலையில் பலர் தூண்டில் போடுவார்கள். முட்டம் பாறை மட்டும் வேண்டாம். அலை ஆளை இழுத்துவிடும்.

சுசீந்திரத்தான்:
மணக்குடி சரி. காட்டைக் காட்டாவிட்டால் அக்காள் என்னை விடமாட்டாளே?

பால்வெட்டு:
கீரிப்பாறைப் பக்கம் காட்டாற்றங்கரையில் இருக்கும் காளிகேசத்துக்குப் பகலில் கூட்டிக்கொண்டு போம். மழை வலுத்தால் விடமாட்டார்கள். கிளம்புமுன் நாகர்கோவில் வன அலுவலகத்தில் கேட்டுவிடும். சோப்பு, பாட்டில் எதையும் ஆற்றில் போடாமல் இருந்தால் சரி.