மதினியின் இடுப்புக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்

பாம்பனில் என் மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். அடிமுதுகு ஒருபக்கமாக இழுக்கிறது. எலும்பில் கோளாறு இல்லை, மெதுவான அசைவுப் பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஃபெல்டன்கிரைஸ் என்ற மெதுவான அசைவுப் பயிற்சி முறையில் வரும் 'இடுப்புக் கடிகாரம்' என்ற பயிற்சியை ஆரம்பித்தோம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அடிவயிற்றில் கடிகாரம் இருப்பதாக நினைத்து, தொப்புள் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6 என்று இடுப்பை மெல்ல உருட்டுவது.

12, 6, 3 எல்லாம் சரி. 9 பக்கம் போனால்தான் வெட்டி வெட்டி நிற்கிறது, மூச்சையும் பிடித்துக்கொள்கிறார். (தம் பிடித்து முங்குகிற பழக்கம், சொன்னாலும் விடமாட்டார்.) அந்தப் பக்கம் அசைவை இன்னும் சிறிதாக்குவதா, இல்லை சுலபமாக வரும் பக்கத்தையே செய்வதா? மண்டபம், ராமநாதபுரம் பக்கம் நேரில் பார்த்துச் சொல்லும் பெண் பிசியோதெரபிஸ்ட் யாராவது உண்டா? யூடியூப் வீடியோ மட்டும் அனுப்பாதீர்கள், நிறைய பார்த்தாயிற்று.